12 வருசம் கழித்துக் கணக்கு வேலைக்கு: "இத்தனை நாள் என்ன செய்தீங்க" என்று கேட்டால் என்ன சொல்வது?

தங்கச்சிமடத்துக்காரி

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக் கொள்ளுங்கள். வீட்டில் யாரிடமும் இதை முழுசாகச் சொல்ல முடியவில்லை.

நான் 2008ல் பி.காம். முடித்தேன். 2009லிருந்து மண்டபம் பக்கம் ஓர் இறால் ஏற்றுமதிக் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருந்தேன். டேலி என்ற கணக்குச் சாஃப்ட்வேரில் என்ட்ரி, பேங்க் கணக்கோடு ஒத்துப் பார்ப்பது, மாதம் 20ஆம் தேதிக்குள் வாட் ரிட்டர்ன் (ஜிஎஸ்டிக்கு முந்தின விற்பனை வரிக் கணக்கு), அப்புறம் வெளிமாநிலத்தில் நம்மிடம் சரக்கு எடுத்தவர்களுக்குப் போன் போட்டு சி ஃபார்ம் (வெளிமாநில விற்பனைக்கு வரி குறைய வாங்கியவர் தர வேண்டிய படிவம்) கேட்டுக் கேட்டுத் தொண்டை வற்றுவது. இதுதான் என் வேலை. பிடித்துச் செய்தேன். 2014 மார்ச்சில் பிரசவ லீவில் போனேன். லீவு முடிகிற வாரம் பாப்பாவுக்குக் காய்ச்சல். "இன்னும் ஒரு மாசம் கழிச்சு வர்றேன் சார்" என்று போனில் சொன்னேன். அந்த ஒரு மாதம்தான் 12 வருசம் ஆகிவிட்டது.

இப்போது மூத்தவள் ஆறாவது, சின்னவன் ஒன்றாவது. போன வாரம் ராமநாதபுரத்தில் ஒரு மளிகை மொத்த வியாபாரக் கடையில் கணக்கு பார்க்க ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போனேன். மேனேஜர் என்னைவிடப் பத்து வயது சின்னவர் இருப்பார். மரியாதையாகத்தான் பேசினார். பயோடேட்டாவைப் பார்த்துவிட்டு, "2014க்கு அப்புறம் ஒண்ணும் இல்லையே மேடம், இத்தனை நாள் என்ன செய்தீங்க?" என்றார்.

"வீட்ல சும்மாதான் சார் இருந்தேன்" என்றேன்.

வாயில் அதுதான் வந்தது. அடுத்து, "2பி பார்த்து ஐடிசி மேட்ச் பண்ணத் தெரியுமா?" என்று கேட்டார். எனக்கு 2பி என்றால் என்னவென்றே தெரியாது. பென்சில்தான் ஞாபகம் வந்தது. யோசித்துச் சொல்கிறோம் என்று அனுப்பிவிட்டார்கள்.

திரும்பி வருகிற பஸ்ஸில் பாம்பன் பாலம் ஏறும்போதுதான் உறைத்தது. நான் எங்கே சும்மா இருந்தேன்? என் வீட்டுக்காரர் விசைப்படகில் டிரைவர். படகு அவர் சித்தப்பாவுடையது. 2017லிருந்து அந்தப் படகுக் கணக்கு நான்தான் எழுதுகிறேன். ஒவ்வொரு பாட்டுக்கும் (ஒரு தடவை கடலுக்குப் போய் வருவதை அப்படித்தான் சொல்வோம்) டீசல் எத்தனை லிட்டர், ஐஸ் எத்தனை பார், சாப்பாட்டுச் செலவு எவ்வளவு, இறால் எந்த வியாபாரிக்கு, நண்டு யாருக்கு, கணவாய் யாருக்கு, அவரவர் கொடுத்த முன்பணத்தில் எவ்வளவு கழிந்தது, மீதியில் ஆளுக்கு என்ன பங்கு. எல்லாம் கோடு போட்ட நோட்டில் இருக்கிறது. பங்கு பிரிக்கிற அன்று ஐந்து ஆம்பிளைகள் என் திண்ணையில் உட்கார்ந்து நோட்டைப் பார்ப்பார்கள். இதுவரை ஒரு ரூபாய் இடித்ததில்லை. எங்கள் மகளிர் குழுவிலும் பேங்க் கடனுக்கான கணக்கை எழுதுவது நான்தான். ஆனாலும் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததும் "சும்மா" என்றுதான் சொன்னேன்.

இன்னொரு வேலையும் இருக்கிறது. மண்டபத்தில் ஓர் ஐஸ் கம்பெனியில் பில் போடும் வேலை. 8,500 ரூபாய், காலை 10 முதல் மாலை 5 வரை. ராமநாதபுரம் கடையில் 12,000 ரூபாய், ஆனால் 9.30 முதல் இரவு 7 வரை. பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம் போக, அதே அளவு வர. நாத்தனார், "என்னோட நண்டுக் கம்பெனிக்கு வந்துரு, கிலோவுக்கு இவ்வளவுன்னு கையில தர்றாங்க" என்கிறாள். அவள் சதை பிரிக்கிற வேகத்துக்கு என்னால் முடியாது. அதோடு, உண்மையைச் சொன்னால், பட்டம் வாங்கிவிட்டு நண்டு உடைக்கப் போகக் கௌரவமும் இடம் கொடுக்கவில்லை. திட்டுகிறவர்கள் திட்டுங்கள்.

மாமியாருக்கு இஷ்டமில்லை. "பிள்ளைங்க படிக்கிற நேரத்துல உனக்கென்ன ஆபீசு" என்கிறார். இதே மாமியார் என் வீட்டுக்காரரைப் பச்சைப்பிள்ளையாகப் பாட்டியிடம் விட்டுவிட்டுத் தீவுப் பக்கம் பாசி எடுக்கப் போனவர். இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் முங்கி எடுத்தவர். அதைச் சொன்னால், "அது வேலையா? அது வயித்துப்பாடு" என்கிறார். பதில் சொல்லத் தெரியவில்லை.

இப்படித் திரும்பிப் போனவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது? எதைப் படிக்க வேண்டும்? ஐஸ் கம்பெனியில் ஏப்ரல் 15ல் வந்து சேரச் சொல்கிறார்கள். சேரலாமா?

---

கடலோரக் குருவி

அக்கா, குரூப் 4 எழுதுங்க. பத்தாவது போதும். பெண்களுக்கு 30 சதவீதம் இடம் இருக்கு. கவர்மெண்ட்ல 12 வருசம் என்ன செய்தன்னு எவனும் கேட்க மாட்டான்.

---

சிவப்புமை

தங்கச்சி, நான் ராமநாதபுரத்தில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் இருக்கிறேன். நானும் 6 வருசம் வீட்டில் இருந்துவிட்டு 2017 ஜனவரியில் திரும்பினேன். என்ன ராசியோ, ஆறே மாதத்தில் ஜூலை 1ஆம் தேதி ஜிஎஸ்டி வந்தது. 20 வருச சர்வீஸ் உள்ள சீனியரும் நானும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து அ, ஆவிலிருந்து படித்தோம். அதனால் வாட் மட்டும்தான் தெரியும் என்று குறுகிப் போகாதே. வேலையில் இருந்தவர்களுக்கும் அன்றைக்குப் பழைய பாடம் குப்பைக்குத்தான் போனது. அவர்கள் முன்னாலேயே படித்துவிட்டார்கள், நீ இனிமேல் படிக்கப் போகிறாய். அவ்வளவுதான்.

2பி பெரிய பூதம் இல்லை. நீ யாரிடம் சரக்கு வாங்கினாயோ அவர் தன் விற்பனைக் கணக்கான ஜிஎஸ்டிஆர் 1ல் உன் பில்லைக் காட்டினால்தான் அந்த வரியை நீ கழித்துக் கொள்ள முடியும். அந்தக் கழிவுதான் ஐடிசி. யார் காட்டியிருக்கிறார்கள் என்று மாதம் 14ஆம் தேதி போர்ட்டலில் வரும் பட்டியல்தான் 2பி. நம் பர்ச்சேஸ் கணக்கோடு வைத்துப் பார்த்து, விட்டுப்போனவருக்குப் போன் போட்டு விரட்ட வேண்டும். நீ சி ஃபார்முக்கு விரட்டவில்லையா? அதே தொண்டை, அதே வேலை. 2020ல்தான் இந்த 2பி வந்தது. உன்னைக் கேட்ட தம்பியும் அதற்கு அப்புறம் தெரிந்துகொண்டவர்தான்.

டேலியை மறந்திருக்க மாட்டாய். எஃப்5 பேமெண்ட், எஃப்6 ரசீது, எஃப்7 ஜர்னல், எஃப்8 சேல்ஸ், எஃப்9 பர்ச்சேஸ் எல்லாம் அதே இடத்தில்தான் இருக்கின்றன. பெயர்தான் டேலிபிரைம். முகப்பு மாறியிருக்கிறது, ஒரு வாரத்தில் பழகிவிடும். கோர்ஸ் என்று சொல்லிப் பதினைந்தாயிரம் கேட்கிற இடத்துக்கு ஓடாதே. டேலியை இறக்கி எஜுகேஷனல் மோடில் வைத்துக்கொள், காசு கிடையாது. 1, 2, 31 ஆகிய தேதிகளில் மட்டும்தான் என்ட்ரி போட விடும். பழகுவதற்கு அது போதும்.

அப்புறம் உன் ஊர்ச் சரக்கை வைத்தே படி. பச்சை மீனுக்கு ஜிஎஸ்டி இல்லை. அதையே உறைய வைத்துப் பாக்கெட் போட்டால் 5 சதவீதம். ஏற்றுமதிக்கு வரி பூஜ்யம், ஆனால் வரி கட்டாமல் அனுப்ப வேண்டுமானால் நிதியாண்டுதோறும் எல்யுடி என்ற உறுதிக் கடிதத்தைப் போர்ட்டலில் போட வேண்டும். ஓர் இறால் கம்பெனிக்காரர் இதைக் கேட்டு, நீ டக்கென்று சொன்னால் பயோடேட்டாவில் இருக்கிற ஓட்டை அவர் கண்ணில் படாது.

இனி கசப்பானது ஒன்று. படகு நோட்டையும் குழு நோட்டையும் இன்டர்வியூவுக்குத் தூக்கிக்கொண்டு போகாதே. மேனேஜருக்குப் பங்குக் கணக்கு புரியாது, புரிந்துகொள்ள நேரமும் இருக்காது. "2017 முதல் ஒரு விசைப்படகின் வரவு செலவு, ஐந்து பேருக்குப் பங்கு, வியாபாரி முன்பணக் கணக்கு" என்று ஒரே வரி எழுது. கேட்டால் விரித்துச் சொல். கேட்காவிட்டால் விடு.

நேரத்தைப் பற்றி யாரும் சொல்லாததைச் சொல்கிறேன். எங்கள் மாதிரி ஆபீஸில் மாதம் முழுக்க ஒரே மாதிரி வேலை இருக்காது. 11ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர் 1, 20ஆம் தேதிக்குள் வரி கட்டிப் போடுகிற 3பி. சின்ன வியாபாரிகள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடலாம், அவர்களுக்கு 13, 22. ஒரு நாள் தள்ளிப்போனாலும் நாளுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம் ஓட ஆரம்பித்துவிடும். 5லிருந்து 20 வரை எங்களுக்கு மூச்சுவிட நேரமில்லை, 23க்கு மேல் ஈ ஓட்டுவோம். அந்தப் பதினைந்து நாளுக்கு மட்டும் கை தேவைப்படுகிற ஆபீஸ் நிறைய. "முழு நேரமா, பாதி நேரமா" என்று கேட்காமல், "மாசத்துல எந்த நாளெல்லாம் வரணும்" என்று கேட்டுப் பார். என்னை அப்படித்தான் முதலில் எடுத்தார்கள்.

பி.எஃப். பற்றியும் பார்த்துக்கொள். 2014ல் நின்றிருக்கிறாய், கம்பெனி மாறினாலும் மாறாத பி.எஃப். நம்பரான யுஏஎன் அதற்கு அப்புறம்தான் நடைமுறைக்கு வந்தது. பழைய சம்பளச் சீட்டு ஒன்றாவது இருக்கிறதா பார். பணத்தை எடுத்துவிடவில்லை என்றால் அந்த ஐந்து வருசமும் பென்சனுக்கான பத்து வருசக் கணக்கில் சேரும். ஆதாரில் உன் பெயருக்கு முன்னால் அப்பா இனிஷியலா, கணவர் இனிஷியலா? பழைய ரெக்கார்டோடு ஒத்துப் போகாவிட்டால் அலைய விடுவார்கள், அதை முதலில் சரி பண்ணு. 20 பேருக்குக் குறைவாக வேலை பார்க்கிற இடத்தில் பி.எஃப். கட்டாயம் இல்லை. ஐஸ் கம்பெனியில் எத்தனை பேர் என்று கேட்டுக்கொள்.

---

உச்சிப்புளி அப்பா

ஒரு ஆம்பிளை பேசலாமா? என் மனைவி ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர். நைட் டூட்டி வரும். எங்களுக்குப் பெரியவர்கள் துணை இல்லை. அதனால் நான் மொபைல் கடை வேலையை விட்டுவிட்டு நாலு வருசம் பிள்ளையைப் பார்த்துக்கொண்டேன். இப்போது மறுபடி வேலையில் இருக்கிறேன்.

உங்களுக்குச் "சும்மா" என்று சொல்லவாவது வாய் வந்தது. எனக்கு இன்டர்வியூவில், "உடம்புக்கு ஏதும் முடியாம இருந்துச்சா?" என்று கேட்டார்கள். பிள்ளையைப் பார்த்தேன் என்றதும் சிரித்தார்கள். மூன்றாவது இடத்தில், "ஆமா, உடம்பு சரியில்ல" என்று பொய் சொல்லி வேலை வாங்கினேன். பெருமைக்குச் சொல்லவில்லை.

உங்கள் ஏப்ரல் 15க்காகத்தான் எழுத வந்தேன். அன்றைக்குத்தானே மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பிக்கிறது? ஜூன் 14 வரைக்கும் 61 நாள் படகு போகாது. வீட்டுக்காரர் கரையில் இருப்பார், பள்ளிக்கூடமும் லீவு விட்டுவிடும். வேலைக்குப் போவது ரொம்ப லேசாகத் தெரியும். ஜூனில் பள்ளி திறந்து, 15ஆம் தேதி படகும் கிளம்பும்போதுதான் மூன்றே முக்காலுக்குப் பையனைக் கூப்பிட யார் போவது என்ற கேள்வி வரும். நான் மே மாதம் சேர்ந்து, ஜூன் மூன்றாவது வாரமே அந்த வேலையை விட்டவன். சேருங்கள், ஆனால் ஜூன் ஏற்பாட்டை இப்போதே பேசிவிட்டுச் சேருங்கள்.

---

வடக்குத்தெரு ராத்தா

கீழக்கரையிலிருந்து எழுதுறேன். சிவப்புமை அக்கா சொன்னதுக்கு மேல எனக்குத் தெரியாது. ஒரே ஒரு எச்சரிக்கை மட்டும். வீட்டிலிருந்தே வேலை என்று யாராவது ஆசை காட்டினால் நின்று யோசிங்க. நான் சூடுபட்டவ.

மூன்று வருசம் முன்னால் டேட்டா என்ட்ரி என்று வாட்ஸ்அப்பில் வந்தது. பக்கத்துக்கு இவ்வளவு என்றார்கள். முதலில் பதிவுக் கட்டணம் 2,500, அப்புறம் "உங்க வேலையில தப்பு இருக்கு, ஒப்பந்தத்தை மீறிட்டீங்க, வக்கீல் நோட்டீஸ் வரும்" என்று மிரட்டி இன்னொரு 6,000. என் வீட்டுக்காரர் அப்போ துபாயில். அவருக்குத் தெரியாமல் என் மோதிரத்தை வைத்துக் கட்டினேன். 1930க்குப் போன் போட்டுப் புகார் செய்யலாம் என்று அப்போ தெரியாது. வேலை கொடுக்கிறவன் நம்மகிட்ட காசு கேட்க மாட்டான். இது என் மகனுக்கே தெரிஞ்சிருக்கு, எனக்குத் தெரியல.

இப்போ நிஜமாகவே வீட்டிலிருந்து ஒரு ஜவுளிக் கடைக்குக் கணக்குப் போட்டுக் கொடுக்கிறேன். பில்லை எல்லாம் போட்டோ எடுத்து அனுப்புவாங்க. வேலை நல்ல வேலைதான். ஆனால் நான் வேலையில் இருக்கேன்னு என் வீட்டில் ஒருத்தரும் நம்பலை. மாமி வந்து, "போன்தானே நோண்டுறே, அந்தக் கஞ்சியைக் கிளறிட்டு நோண்டு" என்கிறாங்க. நோன்பு நேரத்தில் கேட்கவே வேண்டாம். கதவுக்கு வெளியே செருப்புப் போட்டுக்கொண்டு போனால்தான் வேலை என்று ஒத்துக்கொள்வாங்க போல. சம்பளம் குறைந்தாலும் மண்டபத்துக்கே போங்க.

---

தங்கச்சிமடத்துக்காரி

எல்லாருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

குருவி தம்பி, குரூப் 4 எழுதிய காலம் ஒன்று உண்டு. மூத்தவள் வயிற்றில் இருக்கும்போது ஹாலில் வாந்தி எடுத்துவிட்டு வெளியே வந்தேன். மறுபடி யோசிக்கிறேன், ஆனால் அதை நம்பி இந்த வருசத்தைத் தள்ள முடியாது.

உச்சிப்புளி அண்ணன், நீங்கள் சொன்னது உண்மை, அதில் ஒரு திருத்தம். தடைக்காலத்தில் படகுக்காரர் வீட்டில் இருப்பார் என்று கரைக்குள்ளே இருப்பவர்கள்தான் நினைப்பார்கள். படகை மேலே ஏற்றி, பலகை மாற்றி, பெயின்ட் அடித்து, இன்ஜினைப் பிரித்து, கிழிந்த வலையைப் பொத்தி முடிக்கவே நாள் போதாது. விடியக்காலம் போனால் இருட்டித்தான் வருவார். வருமானமும் இருக்காது, ஆளும் இருக்க மாட்டார். தடைக்கால நிவாரணம் வரும். மற்றபடி கடன்தான். அதனால்தான் ஏப்ரலிலேயே சேர வேண்டும் என்று நான் துடித்ததும். ஆனால் மூன்றே முக்கால் என்று நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு அன்று இரவே பேச்சை எடுத்தேன். வீட்டுக்காரர், "அம்மா பாக்கும்" என்றார். மாமியார், "நான் ஏன் பாக்கணும்" என்றார். இரண்டு நாள் பேச்சு இல்லை. மூன்றாம் நாள் மாமியாரே வந்து, "பையனைக் கூப்பிட்டு வந்து சோறு போடுவேன். வீட்டுப்பாடம் எல்லாம் எனக்குத் தெரியாது. மாசம் 500 என் கையில கொடுத்துரு" என்றார். வீட்டுக்காரருக்கு முகம் சுருங்கிவிட்டது, பெற்ற தாய் பேரனைப் பார்க்கக் காசு கேட்பதா என்று. நான் உடனே சரி என்றேன். அவர் பாசி எடுத்த காலத்தில் பாட்டி என் வீட்டுக்காரரைச் சும்மா பார்த்துக்கொண்டாரா, அதற்கும் ஏதாவது கொடுத்தாரா என்று ஒரு நாள் கேட்க வேண்டும்.

ராமநாதபுரம் கடையிலிருந்து போன் வரவில்லை. நானே போட்டேன். வேறு ஆள் எடுத்துவிட்டார்களாம். அன்றைக்கு முழுவதும் மனசு சரியில்லை.

சிவப்புமை அக்கா, உங்கள் பதிலைச் சின்ன நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். ஐஸ் கம்பெனியில் எத்தனை பேர் என்று கேட்டேன், ஒன்பது பேர். பி.எஃப். இல்லை. "மாசத்துல எந்த நாள் வரணும்" என்ற கேள்வியை அங்கேயும் கேட்டுப் பார்த்தேன். முதலாளி சிரித்துவிட்டு, "படகு போற நாளெல்லாம் வரணும்மா" என்றார். எங்கள் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள்தான் போகும். அதற்கு முந்தின நாளும் அன்றைக்கும்தான் ஐஸ் பில் குவியும். மற்ற நாளில் அரை நாள் வந்தால் போதும் என்று பேசி முடித்திருக்கிறேன். தடைக்காலத்தில் ஐஸ் ஓடாது, ஏப்ரல் 15ல் எதற்கு வரச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். போன வருசத்துப் பில் ஒரு மூட்டை கிடக்கிறது, அதை ஏற்றத்தான் என்றார். அதுவும் நல்லதுதான், படகு இறங்குவதற்குள் கை பழகிவிடும்.

ஆனால் அந்த முதலாளியும் அதே கேள்வியைக் கேட்டார். "இவ்வளவு நாள் என்னம்மா செஞ்ச?" நீங்கள் சொன்ன ஒரு வரியை மனப்பாடம் பண்ணி வைத்திருந்தேன். பாதி சொல்வதற்குள், "எந்தப் படகு?" என்றார். பெயரைச் சொன்னேன். "அட, நம்மகிட்டதான் ஐஸ் எடுக்கிறான். போன வருசம் பதினாலு பார் கணக்குல விட்டுப்போச்சுன்னு வந்து சண்டை போட்டானே, அந்த நோட்டு உன்னுதா?" என்றார். ஆமாம் என்றேன். அந்தப் பதினான்கு பாருக்கான பணத்தை அவர் திருப்பிக் கொடுத்ததும் என் நோட்டில் இருக்கிறது. அதை அங்கே சொல்லவில்லை.

ராத்தா, உங்கள் மோதிரம் திரும்பி வந்ததா? அதைச் சொல்லவே இல்லையே.

அண்ணன் மகனுடைய கவர்மெண்ட் லேப்டாப்பை வாங்கி டேலி ஏற்றியிருக்கிறேன். பழகுவதற்குப் போன சீசன் படகுக் கணக்கையே எடுத்துக்கொண்டேன். டீசல் எஃப்5ல், வியாபாரி பணம் எஃப்6ல், விரல் தானாகப் போகிறது. எஜுகேஷனல் மோடு என்பதால் எங்கள் படகு போன வருசம் முழுக்க 1, 2, 31 தேதிகளில் மட்டும்தான் கடலுக்குப் போயிருக்கிறது. நேற்று ராத்திரி வீட்டுக்காரர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துவிட்டு, "மாசம் மூணு நாள்தான் போனோமா? அதான் உடம்பு இவ்வளவு வலிக்குது" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டார்.